உப்பள வரப்பில் மூன்று முட்டைகள்

கோடியக்கரை என்றாலே குளிர்காலத்துப் பூநாரைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வலசை வந்தவற்றில் பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிடும் ஏப்ரலில் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்ட நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதில், அருகிலுள்ள வேதாரண்யம் உப்பளத்தின் வரப்பிலேயே கிடைத்தது.

முதலில் செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காலைப் பேருந்தைத் தவறவிட்டதால் ஆட்டோ பிடித்தேன். ஏறும்போது 250 ரூபாய் என்று பேசிய ஓட்டுநர், வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும் என்று காரணம் சொல்லி, இறங்கும்போது 500 கேட்டார். வாதாடி 400 கொடுத்தேன். இரண்டு நாளுக்கு 2,000 ரூபாயுடன் வந்தவனுக்கு அது பெரிய அடி. போகவரச் சேர்த்துப் பேசி முடிக்காமல் வண்டியில் கால் வைக்காதீர்கள்.

உப்பளத்தில் அனுமதி கேட்டு நுழைந்ததும் அந்த எரிச்சல் போய்விட்டது. மஞ்சள் அலகின் நுனியில் கருப்பு தீட்டிய சிறிய ஆலாப் பறவை ஒன்று, வெள்ளி போல் மின்னிய மீனைக் கவ்வி வந்து, வரப்பில் குனிந்திருந்த பெட்டையைச் சுற்றிச் சுற்றி நடந்தது. பெட்டை மீனை வாங்கிக்கொள்ளும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“தம்பி, அங்க கால வைக்காதீங்க, முட்ட கெடக்கு!” என்று உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா கத்தியபோதுதான் குனிந்து பார்த்தேன். மண் நிறத்தில் கருங்கிறுக்கல்களோடு மூன்று முட்டைகள், கூடு என்று எதுவுமில்லாத ஒரு சிறு குழியில் கிடந்தன. அவற்றின் தாயான உப்புக்கொத்தி, சிறகு ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து என்னை வேறு பக்கம் அழைத்துப் போகப் பார்த்தது. உடனே பின்வாங்கினேன்.

ஆனால் பதினொரு மணி வெயிலில், அடுத்த வரப்பிலிருந்த ஆள்காட்டியின் முட்டைகளருகே இருவர் கேமராவோடு அரை மணி நேரம் அமர்ந்திருந்தார்கள். இது மன்னிக்க முடியாத செயல். அந்த நேரத்தில் பறவை முட்டைமேல் அமர்வது சூடேற்றுவதற்காக அல்ல, நிழல் கொடுப்பதற்காக. அது எழுந்து நின்றால் கரு உள்ளேயே வெந்துபோகும். அந்த அம்மாவே போய் அதட்டி அவர்களை எழுப்பினார். அவர்கள் நகர்ந்ததும், தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்த ஆள்காட்டி பாத்தி நீரில் இறங்கி, வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து முட்டைகளின்மேல் அமர்ந்தது.