மொறுமொறு சீஸ், சுட்ட தக்காளி, வறுத்த மிளகாய்

வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது மெனு அட்டையில் ஒரு மெக்சிகன் சீஸ் ஐட்டம் இருக்கிறது. பொரித்த சீஸ் மேல் பாக்கெட் மசாலாவைத் தூவி, மயோனைஸ் பிழிந்து கொடுப்பார்கள். பசங்க ஆசையாகச் சாப்பிடுகிறார்கள், சாப்பிடட்டும். ஆனால் அந்த நாட்டு ருசி அந்தத் தூளில் கிடையாது. மிளகாயை வறுத்து ஊறவைக்கிற பக்குவத்திலும், சோள மாவின் வாசனையிலும்தான் அது இருக்கிறது. இரண்டையும் நம்ம ஏரியாவில் கிடைக்கிற சாமான்களை வைத்தே வீட்டில் கொண்டுவர முடியும். எங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறோம் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ராயபுரம் கல்மண்டபத்தில் பல வருஷம் சாயங்காலம் பஜ்ஜிக் கடை போட்டவர். எண்ணெய் விஷயத்தில் அவர் சொல்வதுதான் எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை. தெர்மாமீட்டரில் பார்த்தால் சீஸ் பொரிக்க 180 டிகிரி செல்சியஸ் வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கருவி தேவைப்படாது. மாவை ஒரு துளி கிள்ளி எண்ணெயில் போடுவார். பாதி ஆழம் போய் மெதுவாக மேலே வந்தால் அது பஜ்ஜிக்குச் சரியான சூடு. போட்ட இடத்திலேயே, உள்ளே போகாமல், சுற்றிலும் பொடிப்பொடியாக நுரை கட்டிக்கொண்டு நின்றால்தான் சீஸுக்கு ஆகும். "டேய், எண்ணெய் இன்னும் காயல, இரு" என்று அவர் சொன்னால் நான் கையை எடுத்துவிடுவேன்.

இந்தச் சூடு ஏன் முக்கியம் என்றால், சீஸ் அறுபது டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். மேலே இருக்கும் மாவு இறுகுவதற்குள் உள்ளே இளகினால், சட்டியில் சீஸ் தனியாகவும் மாவு தனியாகவும் மிதக்கும். அதனால் வேலை முழுக்க நேரக் கணக்குதான். உள்ளே இருப்பது முடிந்தவரை குளிர்ந்திருக்க வேண்டும், வெளியே இருப்பது முடிந்தவரை சீக்கிரம் இறுக வேண்டும். சீஸ் துண்டுகளை ஃப்ரீசரில் வைப்பதும், மாவை இரண்டு தடவை பூசுவதும் இதற்காகத்தான். நான் இரண்டாவது தடவை புரட்டுவதைப் பார்த்த அம்மா, "என்னடா, சட்டை மேல சட்டை போட்டுக்கிட்டே இருக்க?" என்றார். ஒரு சட்டை மட்டும் போட்ட துண்டையும் இரண்டு போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் பொரித்துக் காட்டினேன். அதற்கப்புறம் அவரே இரண்டாவது தடவை புரட்டித் தருகிறார்.

எந்த சீஸ் வாங்குவது? இழுத்தால் நூலாக வர வேண்டுமென்றால் பீட்சாவுக்கு விற்கிற கட்டி மொசரெல்லா வாங்குங்கள். தண்ணீரில் மிதக்கிற உருண்டை மொசரெல்லா இதற்கு வேண்டாம், அதில் இருக்கும் ஈரம் எண்ணெயில் வெடிக்கும். துருவியதாக வாங்கினால் விரல் விரலாக வெட்ட முடியாது. 200 கிராம் கட்டியை விரல் கனத்துக்கு வெட்டினால் நான்கு பேருக்கு டீயோடு சரியாக இருக்கும்.

பன்னீரில் செய்தால் கதையே வேறு. அது எவ்வளவு சூட்டிலும் இளகாது. பாலில் எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரிக்கும்போது புரதத்தைப் பிணைத்து வைத்திருந்த கால்சியம் கரைந்து, திரிந்த தண்ணீரோடு போய்விடுகிறது. மிச்சமிருக்கும் புரதம் சூடு பட்டால் இளகுவதில்லை, இன்னும் இறுகத்தான் செய்கிறது. மொசரெல்லாவை உறைய வைப்பது ரென்னெட் என்கிற நொதி. அதில் கால்சியம் தேவையான அளவு தங்கிவிடுவதால்தான் சூட்டில் அப்படி இழுபடுகிறது. மெக்சிகோவிலும் இளகாத வகை உண்டு. கேசோ பனேலா என்கிற வெள்ளை சீஸை அவர்கள் கல்லில் போட்டு வாட்டிச் சாப்பிடுகிறார்கள். எனவே பன்னீரில் செய்தால் அசலை விட்டு விலகிவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டில் பன்னீர் செய்வதென்றால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால்தான் நல்லது. அதில் கொழுப்பு 6 சதவீதம். ஒரு லிட்டருக்கு இருநூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும்.

இப்போது சோள மாவு. கடையில் கார்ன்ஃபிளார் என்று கேட்டால் வெள்ளை வெளேர் என்று ஸ்டார்ச்சைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு வேண்டியது மஞ்சளான, கொஞ்சம் கரகரப்பான மக்காச்சோள மாவு. சௌகார்பேட்டையில் வடநாட்டுக்காரர்கள் நடத்தும் மளிகைக் கடைகளில், ரொட்டி சுடுகிற மக்கி ஆட்டா என்று கேட்டால் உடனே தருவார்கள். தங்கசாலைத் தெருவில் நடந்தால் ஒரு கடை இல்லாவிட்டால் அடுத்த கடையில் இருக்கும்.

மக்காச்சோளம் மெக்சிகோ மண்ணில் பிறந்த பயிர். சுமார் 9,000 வருஷத்துக்கு முன்னால் அங்கேதான் அதைப் பயிராக்கினார்கள். முழுச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோலைக் கழுவிவிட்டு அரைப்பது அங்கே காலம்காலமாக வருகிற வழக்கம். அப்படிச் செய்தால் மாவு ஒட்டிப் பிசைய வரும், சோளத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேரும். அவர்களுடைய சோள ரொட்டியான டார்ட்டியாவுக்கு அந்தத் தனி வாசனை வருவதும் இந்தச் சுண்ணாம்பால்தான். அவர்கள் போடுவதும் நாம் வெற்றிலைக்குத் தடவுவதும் ஒரே பொருள், கால்சியம் ஹைட்ராக்சைடு. அதனால் நான் இப்படிச் செய்கிறேன்: பெட்டிக்கடையில் வாசனை, கலர் எதுவும் கலக்காத வெள்ளைச் சுண்ணாம்பு வாங்கி, ஒரு பட்டாணி அளவு எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து வைத்துவிடுவேன். அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரை மட்டும் மாவு கரைக்க எடுத்துக்கொள்வேன். அந்தத் தண்ணீர் பட்டதும் வெளிறிக் கிடந்த மாவு பளிச்சென்று மஞ்சளாகும். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்திலிருந்தே ஒரு வாசனை கிளம்பும், சோளக்கதிரும் ஈர மண்ணும் சேர்ந்த மாதிரி. முழுச் சோளத்தை வேகவைத்து அரைத்ததற்கு இது ஈடாகாதுதான், ஆனாலும் பக்கத்தில் வந்துவிடுகிறது.

மூன்று ஸ்பூன் மக்காச்சோள மாவு, மூன்று ஸ்பூன் மைதா, உப்பு. அந்தத் தெளிந்த தண்ணீரை விட்டு தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரையுங்கள். முட்டையிலும் செய்யலாம், ஆனால் எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி முட்டை கிடையாது. அதனால் இந்தக் கரைசலே பழகிவிட்டது, ருசியிலும் இதுதான் எனக்குப் பிடிக்கிறது. மேலே புரட்ட ஒரு கப் ரஸ்க் தூள், அரை கப் மக்காச்சோள மாவு, நொறுக்கிய சாதா கார்ன்ஃபிளேக்ஸ் ஒரு கைப்பிடி. கார்ன்ஃபிளேக்ஸை மட்டும் போட்டால் அதிலிருக்கும் சர்க்கரை சீக்கிரம் கருகிவிடும்.

இந்தத் தூளில் ஓமவல்லி சேர்க்கிறேன். மெக்சிகோவில் போடும் ஆரெகனோ, இத்தாலிக்காரர்கள் போடுவதைவிடக் காட்டமான வேறு செடி. அதன் வாசனைக்குக் காரணமான கார்வக்ரால் நம்ம மாடித் தொட்டி ஓமவல்லியிலும் நிறைய இருக்கிறது. இலை தண்ணீர் நிறைந்தது, பச்சையாகப் போட்டால் மாவு நசநசத்துவிடும். நிழலில் நன்றாகக் காயவைத்து நொறுக்கிப் போடுங்கள். சீரகம் கால் ஸ்பூன் போதும். அது ஸ்பெயின்காரர்களோடு அங்கே போன சாமான், அதிகமானால் நம்ம ரசப்பொடி வாசனை வந்துவிடும்.

வெட்டிய சீஸை மைதாவில் ஒரு தட்டுத் தட்டி, கரைசலில் முக்கி, தூளில் புரட்டுங்கள். திரும்பக் கரைசல், திரும்பத் தூள். முனைகளில் சீஸ் தெரியவே கூடாது, அங்கேதான் முதலில் பிதுங்கும். தட்டில் ஒட்டாமல் அடுக்கி ஃப்ரீசரில் குறைந்தது இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தில், தொட்டுக்கொள்ள சால்சா. என்னைக் கேட்டால் சீஸைவிட இதுதான் முக்கியம். கொத்தவால்சாவடியிலிருந்து காய்கறி மார்க்கெட் 1996-இல் கோயம்பேடு போய்விட்டாலும், அந்தப் பக்கத்து மளிகைக் கடைகளில் காய்ந்த மிளகாயை ரகம் ரகமாகக் கேட்டு வாங்கலாம். நான் வாங்குவது பைடகியும் ராமநாதபுரம் குண்டும். பைடகி நிறத்துக்கு, குண்டு காரத்துக்கு. மெக்சிகோ சமையலில் குவாஹியோ என்று ஒரு காய்ந்த மிளகாய் உண்டு, சிவப்பாக, அதிகக் காரமில்லாமல் இருக்கும். அந்த இடத்தைப் பைடகி நன்றாகவே நிரப்புகிறது.

தோசைக்கல்லைக் காயவையுங்கள். எண்ணெய் வேண்டாம். அங்கேயும் கோமால் என்று ஒரு தட்டைக் கல்தான். நான்கு தக்காளியை முழுசாக வைத்து, தோல் கருத்து வெடிக்கும்வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தோல் உரிக்காத நாலைந்து பூண்டுப் பல்லும் பாதி வெங்காயமும் ஓரத்தில் கிடக்கட்டும். கடைசியாக மிளகாய். நான்கு பைடகி, இரண்டு குண்டு, காம்பும் விதையும் நீக்கியது. இங்கே கண்ணை எடுக்கக் கூடாது. கரண்டியால் கல்லில் அழுத்தினால் சில நொடியில் லேசாக உப்பி, நிறம் மாறி, ஒரு வாசனை வரும். அப்போதே எடுத்துவிட வேண்டும். கருத்தால் கசப்பு, அதை எதைப் போட்டாலும் சரிசெய்ய முடியாது. எடுத்த மிளகாயைச் சுடுதண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். வறுக்கிறது நமக்கும் தெரியும். வறுத்ததை ஊறவைத்து, அந்தச் சதையை விழுதாக்குவதில்தான் அவர்கள் கை தெரிகிறது. காரம் சுள்ளென்று ஏறாமல் மெதுவாக வரும், உலர்திராட்சை மாதிரி ஓர் இனிப்பு அடியில் நிற்கும்.

அம்மியில் அரைத்தால் ரொம்ப நல்லது, அங்கேயும் கல் உரலில்தான் அரைக்கிறார்கள். மிக்ஸி என்றால் விட்டுவிட்டு ஓட்டுங்கள், திப்பியாக இருக்கட்டும். உப்பு, நறுக்கிய கொத்தமல்லி, பாதி எலுமிச்சை. தாளிக்கக் கூடாது. அம்மா கடுகு டப்பாவை எடுத்துவிட்டார், நான் வாங்கி வைத்துவிட்டேன். கடுகும் கறிவேப்பிலையும் விழுந்தால் அது தக்காளிச் சட்னி, நல்ல சட்னிதான், ஆனால் இன்றைக்கு அது வேண்டாம்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் நேராக எண்ணெய்க்குப் போக வேண்டும். ஒரு ஈடுக்கு நாலைந்துக்கு மேல் போடாதீர்கள், எண்ணெய் குளிர்ந்துவிடும். கனமான இரும்புச் சட்டி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றரை நிமிஷத்துக்குள் பொன்னிறம் வந்துவிடும். நுரை அடங்கட்டும் என்று காத்திருந்தால் சீஸ் வெளியே வந்துவிடும், நிறம் வந்ததும் அரித்துவிடுங்கள். எடுத்த சூட்டிலேயே உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, மேலே எலுமிச்சை. முதல் கடியில் சோளம் நொறுங்குகிற சத்தம், அப்புறம் சூடான பால் ருசி, பின்னால் சால்சாவின் புகை. மிளகாயின் காரத்தைச் சீஸில் இருக்கும் கேசீன் என்கிற புரதம் பிடித்துக்கொள்வதால் அக்கா பசங்ககூட அந்தச் சால்சாவை வழித்துச் சாப்பிடுகிறார்கள்.

"வெளிநாட்டுச் சாமான் நமக்கு எதுக்கு?" என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கேட்டார். மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்ததுதான் என்றேன். அதுபோல மெக்சிகோவில் ஸ்பெயின்காரர்கள் வரும்வரை மாடே கிடையாது, அதனால் சீஸும் கிடையாது. அதுவும் போகட்டும், பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸை நாம் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் நின்று சாப்பிடவில்லையா? எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் மொறுமொறுப்பும் வடசென்னை நாக்குக்குப் புதுசில்லை. பெரியவருக்கு இரண்டு துண்டு கொடுத்தேன். கூடக் கொஞ்சம் சால்சா கேட்டு வாங்கிக்கொண்டார்.

எண்ணெயே வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று இருக்கிறது. மெக்சிகோ நகரத்து டாக்கோ கடைகளில் சிச்சரோன் தே கேசோ என்று செய்வார்கள். துருவிய சீஸைச் சூடான கல்லில் தோசை மாதிரி மெல்லிசாகப் பரப்பி, கொழுப்பு பிரிந்து, ஓரமெல்லாம் வலை வலையாகச் சிவக்கும்வரை விட்டு, சுரண்டி எடுத்து, சூட்டோடு குழல் மாதிரி சுருட்டிவிடுவார்கள். ஆறினால் அப்பளம்போல் நொறுங்கும். ஒட்டாத தவாவும் தோசைக்கரண்டியும் போதும். இதில் அம்மாவின் கையை என்னால் எட்ட முடியவில்லை, ஓரம் கிழியாமல் ஒரே இழுப்பில் எடுக்கிறார்.

அடுத்து செய்யப்போவது சீஸ் அடைத்த மிளகாய். அங்கே பொப்லானோ மிளகாயை நெருப்பில் சுட்டு, தோலை உரித்து, சீஸ் அடைத்து, அடித்த முட்டையில் முக்கிப் பொரித்து, தக்காளிக் குழம்பில் போடுகிறார்கள். நம்ம பஜ்ஜி மிளகாய் அதற்குத் தாங்குமா, தோலை உரித்தபின் சதை நிற்குமா என்று பார்க்க வேண்டும். மார்க்கெட்டில் நல்ல பெரிசாக, கனமான சதையோடு வந்தால் அம்மா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.