கள்ளிச்சொட்டு டிகாஷனைத் தேடி

கல்யாணம் ஆகி சென்னைக்கு வந்ததிலிருந்து எனக்கு வீட்டுக் காபியில் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. நிறம் இருக்கும், கசப்பும் இருக்கும், ஆனால் பாலில் கலந்ததும் காபி எங்கேயோ காணாமல் போய்விடும். மாயவரத்தில் பாட்டி இறக்குகிற டிகாஷன் அப்படி இல்லை. கிண்ணத்தைச் சாய்த்தால் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும். கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கு என்பார்கள் எங்கள் பக்கத்தில். அந்தக் காபி குடித்து அரைமணி நேரம் கழித்தும் தொண்டையில் மணம் நிற்கும். எனக்கு வேண்டியது அது. கிட்டத்தட்ட மூன்று வருடம் தேடினேன், இப்போது ஒரு மாதிரி கைக்கு வந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தப்பு, கடையில் போய் "நல்லா ஸ்ட்ராங்கா ஒரு பொடி குடுங்க" என்று கேட்டது. ஸ்ட்ராங் என்று கேட்டால் பல கடைகளில் சிக்கரியைக் கூட்டித்தான் கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஸ்ட்ராங் கேட்கிறவர்களில் நிறைய பேருக்கு வேண்டியது கறுப்பு நிறமும் கசப்பும்தான், அது சிக்கரியில் தாராளமாகக் கிடைக்கும். சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் பயிராகிறது, வேரைக் காயவைத்து வறுத்துப் பொடிக்கிறார்கள். அதில் கஃபீன் கிடையாது. டிகாஷனுக்கு நிறத்தையும் ஒரு வழவழப்பையும் கொடுக்கும், விலையும் குறைவு. கலவைப் பொடியில் காபி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும், எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். நான் ரொம்ப நாளாக ஆசையாக வாங்கிக்கொண்டிருந்த பாக்கெட்டை ஒரு நாள் திருப்பிப் பார்த்தேன், காபி 53, சிக்கரி 47. பாதிக்குப் பாதி வேரைக் குடித்துக்கொண்டு காபி மணக்கவில்லையே என்று தவித்திருக்கிறேன்!

அன்றைக்கே அம்மா சொல்லிக் கொடுத்த ஒரு சோதனையைச் செய்து பார்த்தேன். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீரை நிறைய எடுத்து, அசைக்காமல் வைத்து, மேலே ஒரு சிட்டிகை பொடியைத் தூவ வேண்டும். காபித்தூள் மிதக்கும். சிக்கரி உடனே தண்ணீரைக் குடித்துக் கீழே இறங்க ஆரம்பிக்கும், இறங்கும்போதே செம்பழுப்பாக ஒரு வால் விட்டுக்கொண்டு போகும். என் டம்ளரில் பத்துப் பதினைந்து வால்கள் தொங்கின, இரண்டு நிமிடத்தில் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கலங்கிவிட்டது. நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

அதற்கப்புறம் பாக்கெட்டை விட்டுவிட்டு, தாம்பரத்தில் வறுத்து அரைத்துக் கொடுக்கிற ஒரு சின்னக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். தெருமுனையிலேயே வாசனை வந்து கூப்பிடும். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நான் ஸ்ட்ராங் என்று ஆரம்பித்ததும், "கசப்பு வேணுமா, மணம் வேணுமா, கனம் வேணுமா, அதைச் சொல்லும்மா முதல்ல" என்றார். இந்த மூன்றையும் நான் அதுவரை பிரித்து யோசித்ததே இல்லை. எனக்கு மணமும் கனமும் வேண்டும், கசப்பு அளவாக இருந்தால் போதும். அதைச் சொன்னதும் நாலு டப்பாவைத் திறந்து கொட்டைகளைக் கையில் போட்டுக் காட்டினார்.

காபிச் செடியில் அராபிகா, ரோபஸ்டா என்று இரண்டு வகை. பிளான்டேஷன் ஏ என்பது அராபிகா, பழத்தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்தது. ஏ என்பது தரத்துக்கான மார்க் என்று நான் நினைத்திருந்தேன், அது சல்லடை அளவு. 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் நிற்கிற கொட்டை ஏ, அதற்கும் பெரியது ஏஏ. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே ஒன்று வளர்ந்து உருண்டையாக இருப்பது. அராபிகாவிலும் பீபெரி உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு, அதனால் வெறுமனே பீபெரி என்று கேட்டால் போதாது, எந்தப் பீபெரி என்று கேட்க வேண்டும். ரோபஸ்டாவிலும் கழுவிக் காயவைத்தது பார்ச்மென்ட், பழத்தோடு அப்படியே காயவைத்தது செர்ரி. நம் நாட்டில் விளைகிற காபியில் பெரும்பங்கு ரோபஸ்டாதான், அதில் கஃபீன் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆன்லைனில் 'எக்ஸ்ட்ரா போல்ட்' என்று போட்டிருந்த மைசூர் நக்கெட்ஸ் வாங்கி, போல்ட் என்றால் அழுத்தமாக இருக்கும் என்று நம்பி ஏமாந்த கதையையும் அவரிடம் சொன்னேன். போல்ட் என்றால் கொட்டை பெரிசு என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றார். அது மோசமான காபி இல்லை, மிக உயர்ந்த கழுவிய அராபிகா. ஆனால் மென்மையான காபி, நான் தேடியது அது இல்லை.

நாலிலும் நூறு நூறு கிராம் தனித்தனியாக அரைத்து வாங்கி வந்தேன். சிக்கரி துளியும் இல்லாமல், ஒரு நாளைக்கு ஒன்று என்று இறக்கி, முதலில் வெறும் டிகாஷனை ஒரு வாய், அப்புறம் பாலில் கலந்து. பிளான்டேஷன் ஏ தனியாகக் குடிக்க அபாரமான மணம், மெல்லிய புளிப்பு, ஆனால் பால் பட்டதும் அடங்கிவிட்டது. அராபிகா பீபெரியும் கிட்டத்தட்ட அதே கதை, மணம் ஒரு பிடி கூடுதல். ரோபஸ்டா செர்ரி நாக்கில் முரடாக, கருகின கட்டை மாதிரி பட்டது. ரோபஸ்டா பார்ச்மென்டைக் குடித்ததும்தான் எனக்குப் பிடிபட்டது. மணம் குறைவு, ஆனால் பால் எவ்வளவு ஊற்றினாலும் அடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ரோபஸ்டா என்றாலே மட்டம் என்று எங்கள் வீட்டில் ஒரு எண்ணம் உண்டு, பிளான்டேஷனும் பீபெரியும் பாதிப் பாதி என்பதுதான் வேதவாக்கு. பாட்டிக்குக் கறந்த பால் இருந்தது, சரி. பாக்கெட் பாலில் ரோபஸ்டா இல்லாமல் எனக்கு அந்தக் கனம் வரவே இல்லை.

இப்போது கால் கிலோவுக்கு 150 கிராம் பிளான்டேஷன் ஏ, 100 கிராம் ரோபஸ்டா பார்ச்மென்ட். கொஞ்சம் கூடுதலாக வறுக்கச் சொல்வேன், ஆனால் கொட்டையில் எண்ணெய் பளபளக்க ஆரம்பிக்கும் முன்னாலேயே இறக்கிவிட வேண்டும். வியட்நாமிலும் பிரேசிலிலும் வறட்சி என்று 2024-லிருந்து காபி விலை ஏறின ஏற்றத்தில் எனக்கும் சிக்கரிப் பக்கம் போகலாமா என்று தோன்றியது உண்டு. அதற்கு ஒரு டம்ளரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

பொடி பாதிதான், மீதி பில்டரில் இருக்கிறது. 30 கிராம் பொடிக்கு 180 மில்லி தண்ணீர், பொடி குடித்தது போக 120 மில்லி டிகாஷன் இறங்கும், நாலு பேருக்கு வரும். பொடியை மேல் பாத்திரத்தில் போட்டு லேசாகத் தட்டிச் சமன்படுத்தினால் போதும், கட்டையால் அழுத்துவது மாதிரி அழுத்தினால் இறங்கவே இறங்காது. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு, முதலில் பொடி நனைகிற அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்றுங்கள். புதிதாக வறுத்த பொடி என்றால் அப்படியே உப்பிக்கொண்டு மேலே வரும், நுரை வெடித்து வெடித்து அடங்கும். அந்த உப்பல் வரவில்லை என்றால் பொடி பழசு. அது அடங்கியதும் மீதித் தண்ணீர். இருபதிலிருந்து முப்பது நிமிடத்துக்குள் இறங்கினால் அரைப்பு சரி. ஐந்து நிமிடத்தில் கடகடவென்று இறங்கினால் கொரகொரப்பு அதிகம், அடுத்த தடவை ஒரு நம்பர் நைசாக அரைக்கச் சொல்லுங்கள். விடிய விடியச் சொட்டாமல் நின்றால் ரொம்ப நைசு, இல்லை துளை அடைத்திருக்கிறது. துளை அடைத்திருந்தால் மேல் பாத்திரத்தின் அடியை அடுப்புத் தணலில் ஒரு நிமிடம் காட்டி, பழைய எண்ணெய்ப்பிசுக்கு புகைந்து போனதும் ஆறவைத்துத் தேய்த்துக் கழுவினால் வெளிச்சத்தில் பிடிக்கும்போது ஒவ்வொரு துளையும் தெரியும்.

டிகாஷனை நேராக அடுப்பில் வைத்துச் சுட வைக்காதீர்கள், தயவுசெய்து. ஆறிவிட்டால் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்தால் போதும். பால் பொங்கி வந்த சூட்டிலேயே கலந்துவிட வேண்டும். பொடியைப் பத்து நாளைக்கு மேல் வராத அளவில்தான் வாங்குகிறேன், தாம்பரம் போய் வர அலைச்சல்தான், இருந்தாலும் மாதத்துக்கு ஒரு கிலோ வாங்கி டப்பாவில் வைத்தால் கடைசிப் பதினைந்து நாள் குடிப்பது வெறும் கசப்பு.

போன மாதம் அப்பா வந்திருந்தார். முதல் நாள் காபியைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, சிக்கரி போடலையோ?" என்றார். ஐம்பது வருடமாக அந்த ருசியில் பழகின நாக்கு. அவருக்கென்று நூற்றுக்குப் பத்து சிக்கரி கலந்து தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். அவர் ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் கை மாறி அதைப் போட்டுவிட்டேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.