நிகான் இசட் மவுன்ட்: பிடித்ததும் பிடிக்காததும்

கேமரா வாங்க யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் மவுன்ட்டைப் பற்றித்தான், அதாவது பாடியில் லென்ஸ் மாட்டும் வளையத்தைப் பற்றித்தான் பேசுவேன். பாடி நாலைந்து வருடத்தில் மாறிவிடும், ஆனால் சேர்த்து வைத்த லென்ஸ்களை விட்டு வர மனசு வராது. நான் நிகானின் மிரர் இல்லாத கேமராக்களுக்கான இசட் மவுன்ட் பக்கம் வந்து நாளாகிவிட்டது.

லென்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். 55 மி.மீ. அகலத்துக்கு ஒரு பெரிய வட்டம், 16 மி.மீ. ஆழத்திலேயே படத்தைப் பதியும் சென்சார். 1959-இல் வந்த நிகானின் பழைய எஃப் மவுன்ட்டில் இந்த ஆழம் 46.5 மி.மீ., ஏனென்றால் நடுவில் வியூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பிவிடும் மிரர் எழும்பி இறங்க இடம் வேண்டும். இசட்டில் மிரர் போனதும் லென்ஸின் பின்பக்கக் கண்ணாடியைப் பெரிதாகச் செய்து சென்சாருக்குப் பக்கத்திலேயே வைக்க முடிகிறது. வைட் லென்ஸில் இதன் அருமை தெரியும். பழைய எஃப் மவுன்ட்டின் 14-24 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் கிட்டத்தட்ட ஒரு கிலோ, முன்கண்ணாடி குமிழ் மாதிரி புடைத்திருக்கும், அதில் ஃபில்டர் திருகவே முடியாது. இசட்டில் அதே ரேஞ்ச் 650 கிராம், கூட வரும் ஹூட்டில் 112 மி.மீ. ஃபில்டர் போடலாம். எனக்கு இந்த ஒரு லென்ஸே போதும், மவுன்ட்டை மாற்றியது சரி என்று சொல்ல.

இன்னொரு லாபமும் உண்டு. சோனி இ மவுன்ட்டின் ஆழம் 18 மி.மீ. என்பதால், மிச்சமிருக்கும் 2 மி.மீ. இடத்துக்குள் அடாப்டர் (இரண்டையும் இணைக்கும் வளையம்) செய்து சோனி லென்ஸை இசட் பாடியில் ஆட்டோஃபோகஸோடு ஓட்டுகிறார்கள். இசட் லென்ஸை சோனியில் இப்படி மாட்ட வழியில்லை.

சரி, குறைகள். சின்ன லென்ஸ் என்று நினைத்து வாங்குவது சின்னதாக இருக்காது: 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் எஃப் மவுன்ட்டில் 185 கிராம், இசட்டில் 415. படம் ஓரம் வரை அருமைதான், ஆனாலும் கழுத்தில் நாள் முழுக்கத் தொங்கும்போது தெரியும். அப்புறம் வேறு கம்பெனி லென்ஸ்கள். சோனி தன் மவுன்ட் விவரங்களை 2011-லேயே மற்ற தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டது, இசட்டுக்கு லென்ஸ் கம்பெனியான சிக்மா வந்ததே 2023-இல், அதுவும் மூன்று ஏபிஎஸ்-சி (சின்ன சென்சாருக்கான) லென்ஸ்களோடு.

எனக்கு ரொம்ப வருத்தம் எஃப் மவுன்ட்டின் பழைய ஆட்டோஃபோகஸ் வகையான ஏஎஃப்-டி லென்ஸ்கள் விஷயத்தில். அவற்றின் மவுன்ட் ஓரத்தில் ஸ்க்ரூ தலை மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், பாடிக்குள் இருக்கும் மோட்டார் அதைத் திருப்பித்தான் ஃபோகஸ் செய்யும். எஃப் லென்ஸை இசட் பாடியில் மாட்ட உதவும் நிகானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. அப்பர்ச்சர், மீட்டரிங் (ஒளி அளப்பது) எல்லாம் வேலை செய்யும், ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். அந்த லென்ஸ்கள் நிறைய வைத்திருந்தால், இசட் வாங்கினாலும் பழைய பாடியை விற்றுவிடாதீர்கள்.