ஜில்லா போர்டு ரோடு எந்த வருஷம் போட்டது? ஆவணத்தில் தேடிப் பிடிக்கும் வழி

சென்னை மாகாணத்துக் கிராமச் சாலை ஒன்றின் வயதைத் தேடப் போனால், முதலில் கையில் கிடைப்பது அச்சிட்ட ஆண்டறிக்கையின் மைல் கணக்குதான். அதை மட்டும் நம்பி எழுதக் கூடாது. பட்டியலில் ஏறிய சாலைக்குக் கப்பி (உடைத்த கருங்கல் ஜல்லி) விழுந்திருக்காது, ஓடைக்குப் பாலம் இருந்திருக்காது. தேடலைக் கிராமத்தில் தொடங்கி மேலே போவதுதான் எங்கள் அனுபவத்தில் சரிப்பட்ட வழி.

முதல் வேலை, கிராம வரைபடமும், நிலத்தீர்வை நிர்ணயித்த பழைய செட்டில்மென்ட் பதிவேடும். ரயத்துவாரிக் கிராமத்தின், அதாவது விவசாயியே நேராக அரசுக்குத் தீர்வை கட்டிய கிராமத்தின், வரைபடம் பெரும்பாலும் மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் இருக்கும். அதாவது ஓர் அங்குலம் 330 அடி. சாலைக்குத் தனி சர்வே எண் இருந்தால், சர்வே நடந்தபோதே அங்கே பாதை இருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பட்டா நிலங்களின் உட்பிரிவுகளாக, வயல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு புறம்போக்கு போனால், சாலை பிறகு வந்தது. இரண்டு சர்வேக்களின் ஆண்டுகளை வைத்தே தேட வேண்டிய காலம் பாதிக்குமேல் சுருங்கிவிடும். ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன் பகுதிகளில் இது எடுபடாது. அங்கே பெரும்பாலான ஊர்களில் முழு சர்வே 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான்.

அடுத்து, செலவு யாருடையது என்று பார்க்க வேண்டும். காகிதம் எந்தத் துறைக் கட்டில் கிடக்கிறது என்பது அதைப் பொறுத்தது. 1866-இல் சாலை வரிச் சட்டம் வந்தது. 1871-இல் லோக்கல் ஃபண்ட் சட்டம். 1884-இன் ஸ்தல ஸ்தாபனச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டும் தாலுகா போர்டும், அதாவது மாவட்ட, வட்ட அளவிலான உள்ளாட்சி மன்றங்கள். மராமத்துத் துறை பார்த்த பெருஞ்சாலை என்றால் அந்தத் துறையின் நடவடிக்கைத் தொகுதிகளில் தேட வேண்டும். நிலத்தீர்வையோடு வசூலித்த வரியில் போட்ட ஊர்ச்சாலை அங்கே அகப்படாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் துறை, அரசாணை எண், தேதி மூன்றும் எழுதிக் கொடுத்தால்தான் கட்டு வெளியே வரும். ஆகவே ஆண்டுவாரிக் குறிப்பட்டவணையில் முதலில் உட்கார வேண்டும். அதில் சாலையின் பெயர் இரு முனை ஊர்களைச் சேர்த்து, அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். டின்னெவெலி (திருநெல்வேலி), டிரிச்சினாபொலி (திருச்சி) என்று பழகிய பெயர்கள் தொல்லை தராது. சிற்றூர்ப் பெயர்கள்தான் மூன்று நான்கு விதமாக வரும். எல்லா வடிவங்களையும் எழுதி வைத்துக்கொண்டு போவது நல்லது.

மைல் கணக்கை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது மூன்று இடங்களில் சறுக்கும். 1866 வரை நிதியாண்டு மே 1-இல் தொடங்கியது. 1867-இல் அது ஏப்ரல் 1-க்கு மாறியதால் 1866–67 கணக்கு பதினொரு மாதத்துக்கு மட்டும்; அந்த வருஷ வேலை குறைந்ததுபோலத் தோன்றும். வருவாய்த் துறைக் காகிதங்களோ பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கில் போகும். பசலி ஜூலை 1-இல் பிறக்கும், எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1286 என்பது 1876–77. மூன்றாவது, ஜில்லா எல்லை. 1910-இல் கரூர் கோயம்புத்தூரிலிருந்து திருச்சிக்குப் போனது. அதே ஆண்டு மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் ஜில்லா உண்டானது. கோயம்புத்தூரின் சாலை நீளம் அப்போது குறைந்தால் சாலை அழிந்தது என்று பொருளில்லை.

உண்மையான முன்னேற்றத்தைக் காட்டுவது ஜல்லிக் கணக்கு. எஸ்டிமேட்டில் ஜல்லி கன அடியில் இருக்கும். 12 அடி அகலச் சாலைக்கு நாலரை அங்குலம் பரப்பினால் ஒரு மைலுக்கு 5,280 × 12 × 0.375, ஆக 23,760 கன அடி வேண்டும். ஐந்து மைல் சாலைக்கு ஒப்புதல் கிடைத்தது 6,000 கன அடி என்றால், அது இரண்டு ஃபர்லாங், அதாவது கால் மைல், அளவுக்குத்தான் காணும். மீதி பள்ளம் அடைக்கும் வேலை அல்லது வெறும் மண் ரோடு. ஜல்லி கொட்டியதாக இருந்தால் மட்டும் போதாது, உருளை ஓட்டி இறுக்கிய செலவு தனியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். இறுக்கத் தண்ணீர் தேவை. அதனால் மழையை எதிர்பார்த்துத்தான் பரப்புவார்கள். மழை தப்பினால் ஜல்லி சாலையோரத்தில் குவியலாகவே கிடக்கும், செலவு மட்டும் அந்த ஆண்டில் ஏறிவிடும். இறுகாத ஜல்லியை மாட்டு வண்டியின் ஒடுங்கிய இரும்புப் பட்டா இரு தடமாகப் பிளந்து ஒதுக்கிவிடும். கரிசல் பூமியில் அடியில் சரளை போடாமல் விட்டால் கப்பி மண்ணுக்குள் அமிழும். ஒரே மைலுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் முழு அளவு ஜல்லி கேட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

1876–78 தாதுவருஷப் பஞ்சக் காலத்தைத் தனியாக வைத்துப் படிக்க வேண்டும். நிவாரண வேலை என்று மண் கொட்டுவதும் கல் உடைப்பதும் ஊரூராக நடந்தன. நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் கொஞ்சம் காசும் என்று கூலியைக் குறைத்த காலம் அது. பசியில் நிற்க முடியாதவர்கள் உடைத்த கல் அந்தச் சாலைகளில் இருக்கிறது. மைலை மட்டும் குறித்துக்கொண்டு போவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். இந்தக் கூலியைப் பஞ்சக் கணக்கில் தேட வேண்டும். கரை எழும்பி, மதகு கட்டாமல் நின்ற வேலைகளை அடுத்த பெருமழை அறுத்துக்கொண்டு போனது. பஞ்ச ஆண்டில் திறந்ததாகச் சொல்லும் சாலைக்கு, பிந்தைய ஆண்டுகளில் பாலம், மதகுச் செலவு வருகிறதா என்று பார்க்காமல் தேதி போடக் கூடாது.

தேதியை உறுதியாகப் பிடித்துத் தருவது நிலமெடுப்பு அறிவிப்பு. 1870-ஆம் ஆண்டுச் சட்டம், பிறகு 1894-ஆம் ஆண்டுச் சட்டம். செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழில் கிராமம், சர்வே எண், பரப்பு, நிலம் யார் கையில் இருந்தது எல்லாம் வரிசையாக வரும். முதலில் பார்த்த உட்பிரிவு எண்களை இதோடு பொருத்தினால் சாலை வந்த காலம் ஓரிரண்டு ஆண்டுக்குள் நின்றுவிடும். அறிவிப்பு வந்தும் பணம் இல்லாமல் வேலை தள்ளிப்போவது உண்டு என்பதால், ஜல்லிக் கணக்கோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

கடைசியாகக் களம். மண் எடுத்த குழிகள் சாலையை ஒட்டி வரிசையாகத் தெரியும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் வளைவு மதகுகள் பின்னால் அகலப்படுத்திய சிமென்ட் வேலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஓடைக்குள் இறங்கிப் பார்த்தால் இரு பக்கமும் ஒட்டுப் போட்ட கோடு தெரியும், இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ளதுதான் ஆதிச் சாலையின் அகலம். மைல்கல் கிடைத்தால், அதிலுள்ள தூரம் எந்த ஊரிலிருந்து என்று கணக்கிட்டு, இன்றைய சாலை பழைய தடத்தில்தான் போகிறதா என்று சரிபார்க்கலாம். சில கற்களில் ரோமன் எண்ணோடு தமிழ் எண்ணும் இருக்கும். சாலையோரப் புளியமரங்களையும் விடக் கூடாது. மகசூல் ஏலம் போன கணக்கு போர்டு வரவில் வரும். புளி காய்த்துப் பலன் தரப் பத்து வருஷம்போல ஆகும் என்பதால், முதல் ஏலத்திலிருந்து அவ்வளவு பின்னால் போய்க் கன்று நட்ட செலவைத் தேடுங்கள்.