அப்பத்தா விளக்கிய சிற்பம்

காணும் பொங்கலன்று குடும்பத்தோடு எங்காவது போயே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதாக என் அத்தான் நம்புகிறார். போன வருஷம் குன்றக்குடி, அதற்கு முந்தின வருஷம் பிள்ளையார்பட்டி. இந்த வருஷம் அவருக்கு வாட்ஸாப்பில் ஓர் அழைப்பிதழ் வந்துவிட்டது. காரைக்குடியிலிருந்து திருமயம் போகிற சாலையில், கானாடுகாத்தான் விலக்கு தாண்டி உள்ளே ஒரு தோப்பு. மரங்களுக்கு நடுவே நவீன சிற்பங்களை வைத்திருக்கிறார்கள். காணும் பொங்கல் தொடங்கி மூன்று நாள். அனுமதி இலவசம். இந்தக் கடைசி வரியைப் படித்ததும் வீட்டில் எல்லோரும் கலை ரசிகர்கள் ஆகிவிட்டார்கள்.

அப்பத்தாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் பேச்சு. எண்பத்து நான்கு வயசு, முழங்கால் வலி. ஆனால் எங்கள் வீட்டில் ரகசியம் பேசினால் அது வளவு முழுக்கக் கேட்கும்.

"என்னைய விட்டுட்டு எங்கப்பா கிளம்புறிய?"

"சிலை பார்க்க, அப்பத்தா."

"எந்தச் சாமி?"

"சாமி இல்லை அப்பத்தா. நவீன சிலை."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி, சாமியா இல்லாட்டியும் கண்ணு மூக்கு இருக்கும்ல" என்று புடவை மாற்றப் போய்விட்டாள். அந்த நம்பிக்கையை அப்போதே திருத்தியிருக்கலாம். யாருக்கும் மனசு வரவில்லை.

அத்தான், ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்), ஆத்தா, அப்பத்தா, நான். ஐந்து பேரும் ஒரு தூக்கு நிறைய வெள்ளைப் பணியாரமும், ஒரு டப்பா வரமிளகாய்த் துவையலும்.

அத்தான் இரண்டு வருஷம் இங்கிலாந்தில், லீட்ஸில் ஆன்சைட் இருந்தவர். அந்தப் பக்கத்தில் யார்க்‌ஷைர் சிற்பப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. 1977-இல் தொடங்கியது, 500 ஏக்கர். அங்கே அவர் போனது ஒரே ஒரு தடவை. ஆனால் அதைப் பற்றிச் சொன்னது இதோடு நாற்பதாவது தடவை இருக்கும். ஹென்றி மூர் என்ற ஆங்கிலச் சிற்பி செய்த பெரிய பெரிய வெண்கல உருவங்கள் புல்வெளியில் இருக்க, அவற்றைச் சுற்றிச் செம்மறி ஆடுகள் மேயுமாம். மூருக்கே அது பிடிக்குமாம். மாடோ குதிரையோ பக்கத்தில் நின்றால் சிலை சின்னதாகத் தெரியும், ஆடு என்றால் அளவு சரியாக இருக்கும் என்பாராம்.

"ஆடு சிலையில உரசாதா?" என்றாள் அப்பத்தா.

"நல்லா உரசும். அவரு வீட்டுக்குப் பக்கத்து வயல்லயே 1971, 72 வாக்குல ஆட்டு மந்தைக்கு நடுவுல ஒரு பெரிய சிலை செஞ்சு வச்சாரு. அதுல ஆடெல்லாம் போயி முதுகு தேய்ச்சுக்கிட்டு நிக்கும்."

"அப்ப அந்த இடம் மட்டும் பளபளன்னு ஆயிருக்குமே" என்றாள். பிறகு, "நல்லதுதான்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அத்தான் தலையாட்டினார். அப்பத்தா சொன்னதில் பெரிய விஷயம் இருப்பதாக யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

வழியில் ஓர் அய்யனார் கோயில் காடு. அப்பத்தா வண்டியை நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். நான் மட்டும் இறங்கிப் போனேன். இரண்டு வரிசையாக மண்குதிரைகள். முன்வரிசைக் குதிரைகளில் போன புரவியெடுப்புக்கு அடித்த மஞ்சளும் சிவப்பும் இன்னும் போகவில்லை. பின்வரிசைக்குப் போகப் போக வண்ணம் போய், காது போய், கால் போய், கடைசியில் இருப்பவை வெறும் உருளைகள். ஒன்றின் கழுத்து உடைந்து உள்ளே பொள்ளலாகத் தெரிந்தது. சுட்ட மண்ணில் வைக்கோல் எரிந்துபோன தடம் கீறல் கீறலாக, அதற்குள் ஓர் ஓணான். உடைந்ததை இங்கே யாரும் ஒட்டவைப்பதில்லை. வேளார் வீட்டிலிருந்து அடுத்த புரவி வரும். பழசு நின்ற இடத்திலேயே மண்ணாகும். காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்க மாட்டார்கள்.

"இதுதான் அசல் இன்ஸ்டலேஷன்" என்றார் அத்தான், கண்ணாடியை இறக்கிவிட்டு.

"இது நேத்திக்கடன்" என்றாள் அப்பத்தா.

தோப்பு நன்றாகத்தான் இருந்தது. செம்மண் தரை, முந்திரி, பலா, நடுவில் இரண்டு பெரிய புளியமரம், ஓரமாகப் பனை. வாசலில் கையில் ஒரு வரைபடம் தந்தார்கள். ஒன்று முதல் பத்தொன்பது வரை எண்கள், ஒவ்வொரு சிற்பத்துக்கும் பக்கத்தில் அந்த எண்ணோடு ஒரு முளைக்குச்சி. நாங்கள் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா செருப்பைக் கழற்றிவிட்டாள். மரமும் சிலையும் சேர்ந்து இருக்கிற இடத்தில் அவளுக்கு வேறு விதமாக நடக்கத் தெரியாது. அவளைப் பார்த்து ஆத்தாவும் கழற்ற, எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பம் இது இங்கத்து விதி போல என்று வரிசையாகக் கழற்றி வைத்தது. பத்து நிமிஷத்தில் நெருஞ்சி முள் அவர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டது. அப்பத்தா மட்டும் கடைசி வரை வெறுங்காலோடு நடந்தாள்.

மூன்றாம் எண்ணில் ஆள் உயரத்துக்குத் துருப்பிடித்த இரும்புத் தகடு, நடுவில் ஓர் ஓட்டை. தலைப்பு 'மௌனம் 2'. மௌனம் 1 எங்கே என்று ஆத்தா கேட்டாள். வரைபடத்தில் இல்லை.

"பெயிண்ட் அடிக்கக் காசில்லையாமா?" என்றாள் அப்பத்தா.

இது கார்ட்டன் ஸ்டீல், செம்பு, குரோமியம் எல்லாம் கலந்த எஃகு, மேலே படிகிற துருவே உள்ளே இருக்கிற இரும்பைக் காப்பாற்றும், பெயிண்டே தேவையில்லை என்று அத்தான் விளக்கினார். உண்மையில் நன்றாகவே விளக்கினார். அப்பத்தா ஒரு விரலால் தொட்டு, விரலைப் பார்த்து, அத்தானின் சட்டைக் கையில் துடைத்தாள்.

ஏழாம் எண்ணில் விளக்கம் சொல்ல ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கல்லூரிப் பெண், பாவம், காலையிலிருந்து தொண்டை கட்டியிருந்தது.

"இந்தப் படைப்பு வெளியோட உரையாடுது பாட்டி."

"யாரோட?"

"வெளியோட. இந்தக் காத்து, மரம், வெட்டவெளி..."

"பதில் சொல்லுதா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு எங்கள் கூடவே வந்தாள்.

பதினொன்றாம் எண்ணுக்கு வந்தபோதுதான் எங்கள் பொங்கல் திசை மாறியது. பெரிய புளியமரத்துக்குக் கீழே இன்னொரு மரம், இரும்புக் கம்பியில் செய்தது. அதில் இலைகளுக்குப் பதிலாகப் பித்தளைச் சாமான்கள். மூடி, தட்டு, தாம்பாளம், சின்ன அண்டாவின் அடிப்பாகம், கரண்டி. எல்லாம் களிம்பேறிப் பச்சைப் பசேலென்று, தூரத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே தழைத்த மரம் மாதிரி. எனக்கு மற்ற பதினெட்டையும்விட இதுதான் பிடித்தது. செய்தவர் பக்கத்தில் நின்றார். நாற்பது வயசிருக்கும், தாடி, மெட்ராஸ்காரர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் ஏறி இறங்கிச் சேர்த்ததாகச் சொன்னார். பெரிய வீடுகள் பங்கு பிரியும்போது கதவும் தூணும் எனாமல் சாமானும் போய்ச் சேருகிற தெரு அது.

"நான் உங்களுக்கு விளக்குறேம்மா" என்று அவர் ஆரம்பித்தார்.

"விளக்கணும்தான்" என்றாள் அப்பத்தா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அவர் நினைவு, வேர், புலம்பெயர்வு என்று பேசினார். அப்பத்தா மரத்துக்கு ஒட்டிப் போய் ஒவ்வோர் இலையாகப் படிக்க ஆரம்பித்தாள். படிக்க என்றால் படிக்கத்தான். எங்கள் பக்கம் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் பரணில் ஏற்ற மாட்டார்கள். உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி, அய்யா பேர், அப்பச்சி (அப்பாதான்) பேர் என்று முதலெழுத்துகளாக வெட்டியிருக்கும். அதைத்தான் வீட்டு விலாசம் என்போம். களிம்புக்கு அடியில் அந்தப் புள்ளிகள் இன்னும் இருந்தன.

"இது பள்ளத்தூர்க்காரவுக வீடு. இவுக வீட்டுக் கல்யாணத்துல பந்தியில பாயசம் பத்தாம மாப்பிள்ளை வீட்டுக்காரவுக எந்திரிச்சுப் போயிட்டாக." அடுத்த இலை. "இது யாரு... ஓ, கடைசி வரைக்கும் பர்மாவுல இருந்து திரும்பி வரலையே, அவுக." அடுத்தது. "இந்த மூடி இருக்கே, இதோட அண்டா எங்கிட்டோ மூடி இல்லாம கிடக்கும்."

கொஞ்ச நேரத்தில் அவளைச் சுற்றிப் பதினைந்து பேர். அந்தப் பெண் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். சிற்பி பேச்சை நிறுத்திவிட்டு அவரும் கேட்டுக்கொண்டு நின்றார்.

திடீரென்று அப்பத்தா பேச்சை நிறுத்தினாள். தோள் உயரத்தில் இருந்த ஒரு தாம்பாளத்தின் விளிம்பில் விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு நெளிவு.

"இது எந்தாம்பாளம்" என்றாள்.

வீட்டு விலாசம் எங்களுடையதுதான், சந்தேகமே இல்லை. என் அப்பச்சி ஆறு வயசில் மச்சிலிருந்து முற்றத்துக் கல்லில் போட்டு உண்டான நெளிவாம். 1979-இல் பாத்திரம் பங்கு பிரித்தபோது காணாமல் போனது. மாமியார் தன் கையால் இது உனக்கு என்று சொன்னதாம். அதை எடுத்தது ஓரகத்திதான், அதாவது எங்கள் சின்ன அப்பத்தாதான், என்று நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் நாங்கள் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தத் தாம்பாளம் இருப்பதையே நான் நம்பியதில்லை. நெசவு மாதிரி ஒரு குடும்பக் கதை என்றுதான் நினைத்திருந்தேன், நூலெல்லாம் சொந்தமாகத் திரித்தது.

"கழற்றித் தரவா அம்மா?" என்றார் சிற்பி. நல்ல மனுஷர்.

"வேணாம், இருக்கட்டும். விலை என்னப்பா?"

"தாம்பாளமா? அது தனியா... முழு மரம் மூணே முக்கால் லட்சம்."

அப்பத்தா மரத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பேரீச்சம்பழத்துக்குப் போட்ட சாமான்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

மதியம் பலாமரத்தடியில் பணியாரம் தின்ன உட்கார்ந்தோம். அப்பத்தா இரண்டே இரண்டு தின்றுவிட்டு, கால் மரத்துப்போகுது, கொஞ்சம் நடந்துட்டு வாரேன் என்று எழுந்து போனாள். யாரும் கூடப் போகவில்லை. அத்தானின் தண்ணீர்ப் பாட்டிலும் அவளோடு போனதை யாரும் கவனிக்கவில்லை.

அரை மணி கழித்து அந்தப் பெண் ஓடிவந்து, "அண்ணா, உங்க பாட்டி..." என்றாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. மரத்தடியில் உதிர்ந்த புளி, ஒரு பிடி செம்மண், எங்கிருந்தோ கொஞ்சம் தேங்காய் நார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பத்தா கடைசித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். பச்சை மரத்தில் ஒரே ஓர் இலை மட்டும் தங்கம் மாதிரி மின்னியது. வெயில் அதில் பட்டு எதிரே இருந்த பனையில் ஒரு வட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

சிற்பி எங்களுக்குப் பின்னாலேயே வந்துவிட்டார். அவர் முகத்தை விவரிக்க மாட்டேன்.

"அம்மா... அது பாட்டினாம்மா!"

"பாட்டின்னா? பாட்டின்னா சும்மா உக்காந்திருக்கணுமா?"

பாட்டினா என்றால் உலோகத்தின் மேல் பக்குவமாக ஏற்றுகிற களிம்பு என்று அவர் சொன்னார். உப்பும் வினிகரும் நவச்சாரமும் கரைத்துத் தெளித்து, காயவிட்டு, மறுபடி தெளித்து, ஆறு வாரம்.

"நவச்சாரம் ஈயம் பூசுறதுக்குல்ல" என்றாள் அப்பத்தா. "களிம்பு ஏத்துறதுக்கு மெனக்கெட்டு ஒரு ஆளா? சும்மா பரண்ல போட்டாலே ஏறுமே."

அத்தான் குறுக்கே புகுந்து மன்னிப்புக் கேட்டார், பிறகு நஷ்டஈடு பற்றி மெல்லிய குரலில் கேட்டார். அந்தக் குரலில் மூணே முக்கால் லட்சத்தின் கனம் இருந்தது. சிற்பி பதில் சொல்லவில்லை. மரத்தை இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகு எங்களோடு வந்து உட்கார்ந்து ஆறு பணியாரம் தின்றார். துவையல் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்ததா, வேறு காரணமா என்று நான் கேட்கவில்லை. எழுந்து போகும்போது, "அப்படியே இருக்கட்டும் சார், பார்ப்போம்" என்றார். அதற்குள் பதினொன்றாம் எண்ணுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் அந்த ஒரு தாம்பாளத்தைத்தான் தேடி நின்றார்கள்.

ஆச்சி எடுத்த படம் குடும்பக் குழுவுக்குப் போனது. அப்பத்தாவே வாசகம் சொல்லி அடிக்கச் சொன்னாள்: 'களவு போன சாமான் கிடைத்துவிட்டது.'

நாங்கள் விலக்குக்கு வரும் முன்பே தேவகோட்டையிலிருந்து சின்ன அப்பத்தா கூப்பிட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"அக்கா, அது எந்தாம்பாளம்ல? அது களவு போனதுக்கு நாப்பது வருஷமா உங்களையில்ல வஞ்சுக்கிட்டு இருக்கேன்!"

"என்னடி சொல்ற? விலாசம் பாத்தியா?"

"விலாசம் வீட்டுக்குத்தானே, ரெண்டு பேருக்கும் அதேதான். பின்பக்கம் பாத்தியளா? அத்தை எனக்குன்னு சொன்னப்பவே என் பேரையும் பின்னால வெட்டி வச்சேன். களிம்பை விளக்கிப் பாருங்க, தெரியும்."

காருக்குள் பேச்சே இல்லை. அப்பத்தா முன்பக்கம் மட்டும்தான் விளக்கியிருந்தாள்.

ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மிச்சப் புளியை அவிழ்த்துப் பார்த்து, மறுபடி இறுக்கி முடிந்தாள்.

"ஏன் மாப்பிள்ளை, அந்தக் கண்காட்சி நாளைக்கும் உண்டுல்ல?"

"இல்ல அப்பத்தா" என்றார் அத்தான், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "இன்னிக்கோட முடிஞ்சிருச்சு."