அடுப்படி வரை வந்த அரசு

பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடப்பவர்கள் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், பக்கத்துத் தெருவில் மகாமாரியம்மன் கோயில் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, கால் வலிக்கும் முன்பே பள்ளிவாசலை அடைந்துவிடுவார்கள். அந்த வட்டாரத்திலேயே வளர்ந்த எனக்கு, இத்தகைய வழிபாட்டு இடங்கள் அனைத்தையும் ஒரே ஆண்டில் பூட்டிய நாடு ஒன்று இருந்தது என்பதை மனம் ஏற்க வெகுநேரம் பிடித்தது. அந்த நாடு தென்கிழக்கு ஐரோப்பாவிலுள்ள அல்பேனியா. 1944 முதல் 1985இல் இறக்கும்வரை அதைத் தம் கைப்பிடியில் வைத்திருந்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா.

1967 பிப்ரவரியில் அவர் ஆற்றிய உரைக்குப் பிறகு, துரஸ் நகரத்து மாணவர்கள் தாமாகவே தொடங்கியதாகக் காட்டப்பட்ட மத எதிர்ப்பு இயக்கம் நாடெங்கும் பரவியது. சில மாதங்களில் பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், மடங்கள் என இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. பல இடிக்கப்பட்டன, சில கிடங்குகளாயின, ஷ்கோதர் நகரின் கத்தோலிக்கப் பேராலயம் விளையாட்டு அரங்கமாகியது. அரசு எந்த மதத்தையும் ஏற்காது என்று 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 37ஆம் பிரிவு அறிவித்தது. அடுத்த ஆண்டின் குற்றவியல் சட்டப்படி, சமய நூல்களை வைத்திருந்தாலே 3 முதல் 10 ஆண்டு வரை சிறை.

கட்டடங்களைப் பூட்டியதைவிட என்னை அதிகம் கலங்க வைப்பது உணவு வேளையில் நடந்த சோதனைதான். ரமலான் மாதத்திலும் கிறிஸ்தவர்களின் தவக்காலத்திலும், பள்ளிகளிலும் ஆலைகளிலும் இறைச்சியையும் பால் பண்டங்களையும் வேண்டுமென்றே வழங்கி, யார் வாயில் வைக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று கவனித்தார்கள். ஒதுக்கியவர்கள் எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்டார்கள். புரட்டாசிச் சனிக்கிழமையில் விரதம் இருக்கும் என் அத்தையின் தட்டில் உடன் வேலை செய்பவர் ஒருவர் கோழித்துண்டை வைத்துவிட்டு, அவருடைய கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பதாக எண்ணிப் பார்க்கிறேன். அத்தை அதைச் சாப்பிட்டால் விரதம் போயிற்று, சாப்பிடாவிட்டால் வேலையும் பிள்ளைகளின் படிப்பும் போயிற்று. இதற்கு ஒரு காவலர்கூடத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவரே போதும்.

பெயரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அரசியல், கொள்கை, ஒழுக்க நோக்கில் பொருந்தாத பெயர்களை உடையவர்கள் அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று 1975இல் ஆணை வந்தது. நம்மவர்களிலும் ஆசையாகப் பிள்ளைக்கு லெனின் என்றும் ஸ்டாலின் என்றும் பெயர் சூட்டியவர்கள் உண்டு, அது பெற்றோரின் உரிமை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் உரிமையை ஓர் அரசு பறிப்பதை எந்தக் கொள்கையின் பெயராலும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

பாட்டுக்கும் அதே கதிதான். 1972 டிசம்பரில் நடந்த வானொலிப் பாட்டு விழாவில் மேற்கத்திய சாயல் இருந்ததாக ஹோஜா சீறினார். வானொலி, தொலைக்காட்சித் தலைவராக இருந்த தோதி லுபோன்யா பதவியிழந்து சிறைக்குப் போனார். அவருடைய மகன் ஃபாதோஸ், எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகளுக்காக 1974இல் கைதாகி, மொத்தம் 17 ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். ஒருவர் மேல் விழுந்த பழி குடும்பம் முழுவதையும் தொடர்வது அங்கே விதியாகவே இருந்தது.

நாம் நன்கறிந்த அன்னை தெரசா அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர். 1928இல் அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அவருடைய தாயும் அக்காளும் பின்னர் அல்பேனியத் தலைநகர் திரானாவில் குடியேறினார்கள். தாயை வெளியே அழைத்துக்கொள்ள அவர் எவ்வளவோ முயன்றும் அனுமதி கிடைக்கவில்லை. தாய் 1972இல் காலமானார், அடுத்த சில ஆண்டுகளில் அக்காளும் போய்ச் சேர்ந்தார். மகள் முதன்முறையாக அந்நாட்டில் கால் வைத்தது 1989இல். உலகமே வணங்கிய ஒருவருக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத மகள்களை யார் பொருட்படுத்தியிருப்பார்கள்?

அந்த ஆட்சியில் எழுத்தறிவு பரவியது, பெண்கள் படித்தார்கள் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அது உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அவர்களுடைய வேதநூலைப் பிடுங்க வேண்டிய அவசியம் எங்கும் இருந்ததில்லை.

1990 நவம்பரில், 26 ஆண்டுகள் சிறையிலிருந்த பாதிரியார் சிமோன் ஜுபானி, ஷ்கோதர் கல்லறைத் தோட்டத்தில் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்றினார். 1991 ஜனவரியில் திரானாவின் எத்தம் பே பள்ளிவாசலுக்குள் மக்கள் அனுமதியின்றியே திரண்டு நுழைந்தார்கள். 1967க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெரியவர்கள் வீட்டுக்குள் மறைத்துச் சொல்லிக்கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தொழுகையில் எப்போது குனிவது, திருப்பலியில் எப்போது முழந்தாளிடுவது என்பதை முன்வரிசையில் நின்ற முதியவர்களைப் பார்த்தே அவர்கள் கற்க வேண்டியிருந்தது.