மாப்பிள்ளை பெஞ்சில் ஆறு பீரியட்

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒரு பிரச்சினைக்குப் படிப்படியாகத் தீர்வு தேடும் 'டிசைன் திங்கிங்' முறையில் நான் நடத்திய முதல் பட்டறையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. 'பாடத்தில் ஒட்டாத மாணவர்களை என்ன செய்வது?' என்பது தலைப்பு. 22 ஆசிரியர்கள், ஒரு பெரிய சுவர், கட்டுக்கட்டாக மஞ்சள் ஸ்டிக்கி நோட்டுகள். மதியத்துக்குள் சுவர் நிறைந்துவிட்டது. விளையாட்டு, வீடியோ, வினாடி வினா, பரிசு, பெற்றோர் கூட்டம் என்று ஏகப்பட்ட யோசனைகள். கைதட்டிக் கலைந்தோம்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வினாடி வினா மட்டும் நடந்துகொண்டிருந்தது. அதிலும் எப்போதும் கை தூக்குகிற ஐந்தாறு பேர்தான் கை தூக்கினார்கள்.

எங்கே சறுக்கினேன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அந்தச் சுவரில் ஒரு மாணவன் சொன்ன வார்த்தைகூட இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் பரப்பிய டிசைன் திங்கிங் முறையில் ஐந்து படிகள். பயன்படுத்துகிறவரின் இடத்தில் இருந்து பார்ப்பது முதல் படி. பிரச்சினை இன்னதென்று வரையறுப்பது, யோசனைகளைத் திரட்டுவது, மாதிரி செய்வது, அதைச் சோதிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். நான் நேராக மூன்றாவது படிக்குத் தாவியிருந்தேன். போட்டோவில் அழகாக விழுவதும் அந்தப் படிதானே!

அடுத்த முறை ஸ்டிக்கி நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: ஒரு மாணவனை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க அவன் வகுப்பில் உட்காருங்கள், அவன் எழுதினால் எழுதுங்கள், எழுந்தால் எழுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. டி.ஸ்கூலும் ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனமும் 2016இல் பள்ளித் தலைமைகளிடம் இதையே ஒரு சவாலாக வைத்தன.

"சரி சார், என் போர்ஷனை யார் முடிப்பார்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. கடைசியில் நான்கு பேர்தான் முன்வந்தார்கள்.

அதில் ஒருவர், 18 வருட அனுபவமுள்ள கணக்கு ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார். ஸ்டாஃப் ரூமில் அவனுக்கு 'தூங்குமூஞ்சி' என்று பெயர். அவனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று அவனுக்கே தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருப்பதாக மட்டும் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று அவர் எழுதிய குறிப்பு நோட்டு என் கண்ணிலேயே நிற்கிறது. முதல் பீரியடில் பையன் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் கை மெதுவாக ஓடும். அவன் நான்காவது வரியில் இருக்கும்போது போர்டின் இடது பாதியை அழித்துவிட்டார்கள். மூன்று வரிக்கு இடம் விட்டுவிட்டு மேலே போனான். இரண்டாவது பீரியடிலும் அதே கதை. '11.20: பேனாவை மூடிவிட்டான்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே தன்னைப் பற்றி: 'இடுப்பு வலிக்கிறது. இரண்டு மணி நேரமாக என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.'

ஐந்தாவது பீரியடில் அவனிடம் ஒரு கேள்வி வந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசை பதில் சொல்லிவிட்டது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதைக் கவனித்திருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காதவர்கள் குறைகிறார்கள் என்று சொன்னார். பயிற்சிகளில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒரு விநாடியை அனுபவித்தவருக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பிரச்சினையைத் திருப்பி எழுதினோம். 'ஆர்வமில்லாத மாணவனை எப்படி ஈர்ப்பது?' என்றுதான் முதலில் இருந்தது. 'நடுவில் ஒரு வரியை விட்டவன் மறுபடி பாடத்துக்குள் வர என்ன வழி வைத்திருக்கிறோம்?' என்று அது மாறியது. என்னைக் கேட்டால், அந்தப் பட்டறையில் நடந்த உருப்படியான வேலை இந்த ஒரு வாக்கியம்தான்.

மாதிரி ரொம்பச் சின்னது. ஒரு வாரம், ஒரே வகுப்பு. பீரியடின் பாதிவரை போர்டை அழிப்பதில்லை. நடுவில் இரண்டு நிமிடம் நிறுத்தி, விட்டதைப் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதலாம். முதல் இரண்டு நாள் வெறும் அரட்டை. மூன்றாம் நாள் அவரே அதை மாற்றினார்: எழுத வேண்டாம், எந்த வரியில் விட்டதோ அங்கே ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டால் போதும்.

வியாழக்கிழமை நோட்டுகளைத் திருப்பினால், ஏழு நோட்டில் ஒரே இடத்தில் நட்சத்திரம். ‑(x ‑ 3) என்பது ‑x + 3 ஆகும் வரி. குறி ஏன் மாறுகிறது என்பதை அவர் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவாராம், போர்டில் எழுதுவதில்லை. "18 வருஷமா இப்படித்தான் சார் நடத்துறேன்" என்று சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை.

எல்லாம் இப்படி அமையவில்லை. மற்ற மூவரில் ஒருவர் பாதியில் விட்டுவிட்டார். இன்னொருவர் கவனித்த பெண்ணுக்குத் தூக்கமே இல்லை, வீட்டில் அவ்வளவு வேலை. போர்டைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியாது, ஆலோசகரிடம் சொன்னோம். பள்ளி நிர்வாகமோ என்னிடம் கேட்டது சுவர் நிறைய ஸ்டிக்கி நோட்டு ஒட்டிய போட்டோ.

அந்தப் பையன் இன்னும் கை தூக்குவதில்லை. போன வாரம் ஆசிரியையிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'இரண்டு நாளாக அவன் நோட்டில் நட்சத்திரமே இல்லை. புரிந்துவிட்டதா, சலித்துவிட்டதா தெரியவில்லை. நாளைக்கு மறுபடி பின்னால் போய் உட்காரப்போகிறேன்.'